சந்தனம் பூசிய கீபோர்டு

குழந்தை விளையாட, கணவர் ஒரு பழைய கம்ப்யூட்டர் கீபோர்டு வாங்கி வந்தார். வாயில் வைத்துவிடுவாளோ என்ற பயத்தில் கட்டை கட்டையாகத் துடைத்தேன். மஞ்சளேறிய, கனத்த கட்டைகள். அழுத்தினால் ‘டக்’கென்று இறங்கி, விரலைத் தள்ளிக்கொண்டு மேலெழுந்தன. அந்தச் சத்தம் என்னை அரியலூரில், செருப்பை வாசலில் விட்டு நுழையும் அந்த மாடி கம்ப்யூட்டர் சென்டருக்கே கொண்டுபோய்விட்டது.

ஒரு மெஷினுக்கு இரண்டு பேர். என்னோடு மல்லிகா. ஆயுத பூஜையன்று மானிட்டருக்குப் பொட்டு வைத்த நான், ஆசை அடங்காமல், கீபோர்டின் ஒவ்வொரு கட்டைக்கும் நீர்க்கக் கரைத்த சந்தனத்தைத் தொட்டு வைத்தேன். அடுத்த வகுப்பில் பாதிக் கட்டைகள் ஒட்டிக்கொண்டு இறங்கவேயில்லை.

“கீபோர்டுக்கு அபிஷேகம் பண்ணுனது யாரு?” என்று சார் கத்தினார்.

நான் மல்லிகாவைப் பார்த்தேன். அந்தப் பார்வையையே அவர் பதிலாக எடுத்துக்கொண்டார்.

“ஏம்மா, இனிமே நீ கீபோர்டுல கையே வைக்கக் கூடாது.”

அவள் மறுக்கவில்லை. அதன்பின் கோர்ஸ் முடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்து அவள் வாசிக்க, நான் தட்டினேன். சார் டீ குடிக்க இறங்கும்போதெல்லாம் கேட்பாள்: “ஒரே ஒரு தடவ எம்பேர அடிச்சுக்கறேன்டி.”

“சார் வந்துடுவாருடி” என்பேன். ஒருநாளும் நகர்ந்து கொடுக்கவில்லை.