எழுமலை வரப்பில் ஒரு பூரானுக்குப் பெயர் தேடிய கதை

இந்தப் பயணத்துக்குக் காரணம் என் மனைவி ஸ்டெல்லா. இரண்டு மாதமாக நான் டப்பாவில் வளர்க்கும் பூரானைக் காட்டி, "ஞாயித்துக்கிழமைக்குள்ள இது என்ன பூரான்னு சொல்லுங்க. இல்லாட்டி புடிச்ச எடத்துலயே கொண்டுபோய் விட்டுருங்க" என்றாள். விஷம் எவ்வளவு என்று தெரியாத ஒன்றோடு ஒரே அறையில் தூங்குபவள் அவள். நியாயம்தான்.

புதிதாகப் பூரான் பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: நிறத்தை நம்பாதீர்கள். நிறத்தை வைத்து மூன்று பெயர் சொல்லி, பூரான் ஆர்வலர்களின் வாட்ஸ்அப் குழுவில் மூன்று முறையும் மூக்குடைபட்டவன் நான். கடைசி ஜோடிக் கால்களில் உள்ள முட்களை எண்ண வேண்டும். என் பூரானுக்கு அந்தக் கால்களே இல்லை. பிடிக்கும்போது என் இடுக்கியில் பிய்ந்துவிட்டன. அதே இடத்தில், அதே மாதிரி இன்னொன்றைப் பார்த்தால்தான் உண்டு.

காலை 6.20க்கு ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன். டப்பா துண்டுக்குள் என் மடியில். உசிலம்பட்டி வரை நாற்பது கிலோமீட்டருக்கு 38 ரூபாய். அங்கே எழுமலை பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றேன்; 15 ரூபாய். இறங்கி, பூரானைப் பிடித்த இடமான, தெரிந்தவர் பேச்சியம்மாள் அக்காவின் தோட்டத்துக்கு இரண்டு கிலோமீட்டர் நடை. பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையையும் விட்டுவிட்டு இதற்கா வந்தோம் என்று எனக்கே எரிச்சலாக இருந்தது.

அக்கா எனக்காக ஒன்றைப் பிடித்து வைத்திருந்தார். செருப்பால் அடித்து, முள் எண்ண முடியாதபடி நசுக்கி, காகிதத்தில் மடித்து.

"அடிக்காமப் புடிங்கன்னு சொன்னேனேக்கா!"

"அடிக்காம எப்படித் தம்பி புடிக்கிறது? கடிச்சா நீங்களா வந்து பாப்பீங்க?"

வரப்புக் கற்களைப் புரட்ட ஆரம்பித்தேன். இடுப்பு விட்டுப்போயிற்று. முப்பதாவது கல்லோ என்னமோ, அதன் அடியில் அதே சிவந்த தலை, அதே கருத்த உடம்பு. இளமஞ்சள் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு கிடந்தது. கடைசிக் கால்கள் தெரியவில்லை.

"முட்டைய அணைச்சுக்கிட்டுக் கெடக்கு. மூடிப்போடுங்க தம்பி" என்றார், செருப்பைத் தூக்கிய அதே அக்கா.

"ஒரே ஒரு போட்டோக்கா."

இடுக்கியால் நிமிண்டினேன். விரிந்தது. போட்டோவில் முட்கள் தெளிவாக விழுந்தன. கல்லை மூடிவிட்டு, வேப்பமர நிழலில் உட்கார்ந்து எண்ணி, குழுவில் போட்டேன். ஸ்கோலோபெண்ட்ரா மார்சிடான்ஸ். இந்த முறை யாரும் மறுக்கவில்லை.

மூன்று மணிக்குக் கிளம்புமுன், ஆசைக்கு இன்னொரு தரம் கல்லைத் தூக்கினேன். முட்டைகளைக் காணோம். ஒன்று மட்டும் அதன் வாயில் இருந்தது. தொந்தரவு செய்தால் தாய்ப் பூரான் தன் முட்டைகளையே தின்றுவிடும் என்று படித்திருக்கிறேன். படித்திருந்தும் செய்தேன். சே, என்ன மனுசன் நான்!

போகிறவர்கள் கெட்டியான ஷூ, நீள இடுக்கி, இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பும் பஸ்ஸுக்கு நான் ஒரு மணி நேரம் காத்துக் கிடந்தேன். பூரான் சுருண்டு கிடந்தால் கல்லை இருந்தபடியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பெயர் தெரியாமல் வீடு திரும்புவதில் ஒரு கேவலமும் இல்லை.

ஏழு மணிக்கு வீட்டில் ஸ்டெல்லா டப்பாவைத் திறந்து பார்த்தாள். காலி.

"அப்ப பேரு தெரியலையா?"

"தெரிஞ்சுருச்சு."

"பெறகு ஏன் விட்டுட்டு வந்தீங்க?"

"அங்க ஒரு பூரானோட முட்டை அம்புட்டும் என்னால போச்சு. அதையும் இங்க டப்பாவுல அடைச்சு வச்சிருந்தா எனக்குத் தூக்கம் வராது ஸ்டெல்லா."