ஓரம் சுருண்ட மீன் முட்டை

நல்லூரில் பனியன் துணி பின்னும் என் நிட்டிங் யூனிட்டில் பன்னிரண்டு மிஷினையும் ஆட்களையும் ஒரே ஆளாகப் பார்த்துக்கொள்கிறவன் நான். ஒரு சொட்டுத் தண்ணீரில் கிடந்த மீன் முட்டையை ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை.

மகள் உயிரியல் கடைசி வருஷம். பிராஜெக்டுக்காக, உடம்பெல்லாம் கோடு போட்ட குட்டி மீன்களைத் தொட்டியில் வளர்த்தாள். ஒரு வாரமாக அடம்பிடித்த மீன்கள், பிராஜெக்டைக் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள் விடியற்காலையில்தான் முட்டை போட்டன. அன்றைக்கென்று பார்த்து அவளுக்குப் பரீட்சை.

"அப்பா, பன்னெண்டு மணி வாக்குல முட்டைக்குள்ள இருக்கற செல்லெல்லாம் இடம் மாறும். மைக்ராஸ்கோப் மேல போனை வெச்சு வீடியோ எடுத்துருங்க. அது இல்லீன்னா பிராஜெக்டே இல்லீங்க."

"இதென்ன சாமி பெரிய விஷயம்?" என்றேன்.

யூனிட் ஆபீஸ் ரூமில் மைக்ராஸ்கோப்பில் முட்டையை வைத்து, அதற்குத் தோதாக ஏசியை இருபத்தெட்டில் வைத்துவிட்டுப் போனாள். நான் லென்ஸில் கண்ணை வைத்தேன். அடடா! மஞ்சள் கருவின் தலையில் தொப்பியாக இருந்த செல்கள், பனியனைத் தலைவழியாக மாட்டி இழுப்பதுபோல் கீழே இறங்கின. எனக்குக் கை தட்டலாம் போல இருந்தது. சரியாகப் பாதியில் நின்றன. ஓரம் தடித்தது. உள்பக்கமாகச் சுருள ஆரம்பித்தது.

போச்சு! சிங்கிள் ஜெர்சி என்கிற மெல்லிய பனியன் துணியை வெட்டினால் ஓரம் இப்படித்தான் சுருளும். டைலர்கள் நம் வம்சத்தையே இழுப்பார்கள். துணி கெட்டால் முதலில் மிஷினை நிறுத்து, அப்புறம் யோசி என்று தொழில் பழக்கிய கை இது. முட்டைக்கு ஸ்டாப் பட்டன் எங்கே? கையில் அகப்பட்டது ஏசி ரிமோட். பதினெட்டுக்கு இறக்கிவிட்டு, வியர்த்துக்கொண்டே போன் போட்டேன்.

"கண்ணு, மோசம் போச்சு! ஓரம் சுருளுது!"

பரீட்சை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தவள் பஸ்ஸுக்குள்ளிருந்து கத்தினாள். "அது சுருளத்தானுங்கப்பா வேணும்! அதை எடுக்கத்தான் உங்கள உக்கார வெச்சதே! வீடியோ எடுத்தீங்களா?"

"எங்கே... நான் நிறுத்தப் பார்த்தேன்."

"நிறுத்தவா? எப்படி?"

சொன்னேன். மறுமுனையில் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "சாகாதுங்க. குளிர்ல மெதுவா நகரும், அவ்வளவுதான். ஒண்ணையும் தொடாதீங்க, வந்தர்றேன்," என்றாள்.

கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பையைத் தோளிலிருந்து கழற்றாமலே ஓடி வந்தவள் குனிந்து பார்த்தாள். "அப்பா! இன்னும் போயிட்டுத்தான் இருக்கு!"

போனைப் பொருத்தினாள். ஏசியை ஏற்றினாள். திரையில் இருவரும் பார்த்தோம்.

"ஓரத்துல இருந்து ஒரு கெமிக்கல் சிக்னல் கசியுதுங்க. அது நிறையக் கிடைச்ச செல் உள்ளே போய்க் குடலாகும். கொஞ்சம் கம்மியாக் கிடைச்சா சதை. கிடைக்காதது மேலேயே நின்னு தோலும் மூளையும் ஆகும்."

"சூப்பர்வைசர் யாரு?"

"யாருமில்லீங்க. பக்கத்துல இருந்து வர்ற சிக்னலை வெச்சு அதது போகும்."

நான் தொண்டை கிழியக் கத்தினாலும் என் யூனிட்டில் ஒருத்தர் நகரமாட்டார்! இங்கே ஆயிரக்கணக்கான செல்கள் சத்தமில்லாமல் வழி தெரிந்து போயின. ஒரு பக்கம் மட்டும் திரண்டு மேடானது. "முதுகு அங்கதானுங்க வரும்," என்றாள். நான் குஷியில் அவள் தோளைப் பிடித்து உலுக்க, அவள் கை பட்டு வீடியோவும் ஆடியது.

மறுநாள் அந்த வீடியோவோடு பிராஜெக்ட் போய்ச் சேர்ந்தது. அதில் வெப்பநிலை அட்டவணைக்குக் கீழே ஒரு வரி எழுதியிருந்தாள்: இடையில் குளிர்ந்ததற்குக் காரணம், அப்பா.