ஓவியக்கூடத்தில் ஒரு நன்றியுரை

இந்த நாட்டில் எங்கே போனாலும் வாசலில் கழற்றிக் கொடுக்க வேண்டியது குளிர்ச்சட்டையை. செருப்பைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. ஊரில் இருக்கும் உங்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். நாங்கள் கால் கழுவி உள்ளே போய்ப் பழகியவர்கள். இங்கே சேறும், பனி உருகத் தெருவில் தூவும் உப்பும் அப்பிய சப்பாத்தோடு பளிங்குத் தரையில் தாராளமாக நடக்கலாம். ஆனால் சட்டையை ஒரு பெண்ணிடம் ஒப்படைத்து, இலக்கம் போட்ட துண்டொன்றை வாங்கிக்கொள்ள வேண்டும். மொன்றியலுக்கு வந்த புதிதில் அந்தத் துண்டைக் கையில் பொத்திப் பிடித்துக்கொண்டு, எதையும் பார்க்காமலே திரும்பி வந்த இடங்கள் உண்டு. சட்டை போய்விட்டால் மாசி மாதத்தில் வீடு போய்ச் சேரமுடியாது அல்லவா?

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நகரத்தின் பழைய ஓவியக்கூடத்து வாசலில், எங்கள் ஆட்கள் வரிசையாக நின்று குளிர்ச்சட்டைகளைக் கழற்றினார்கள். வெளியே பனிப்புயல். சட்டைகளுக்குள்ளிருந்து ஒரு கலியாண மண்டபமே வெளியே வந்தது. அரக்கு, மயில் கழுத்துப் பச்சை, மாம்பழ மஞ்சள் என்று பட்டுச்சேலைகள், அட்டியல்கள், ஒன்றிரண்டு வேட்டிகள். சட்டை வாங்கிய பெண் எங்களைப் பார்த்து வாய் திறந்தபடி நின்றாள். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். சாதாரண உடுப்போடு வாருங்கள், ஒருவருடைய கண்ணிலும் படக்கூடாது என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தொலைபேசியில் சொல்லியிருந்தேன்.

ஏன் படக்கூடாது என்பதைச் சொல்லவேண்டும். என் ஒரே மகள் ஆரணி பல்கலைக்கழகத்தில் ஓவிய வரலாறு படிக்கிறாள். "அதைப் படிச்சு என்ன வேலை எடுக்கிறது?" என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் நான் தேத்தண்ணீர் ஊற்றப் போய்விடுவேன். கடைசியில் அவளுக்கு அந்த ஓவியக்கூடத்தில், வருகிறவர்களைக் கூட்டிச் சென்று படங்களை விளக்கும் வேலை கிடைப்பது போல் இருந்தது. முதலில் ஒரு நாள் செய்து காட்டவேண்டும். மேலாளர் அம்மா கூடவே வந்து பார்த்து, வைத்துக்கொள்வதா இல்லையா என்று முடிவெடுப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் பின்னேரம் ஆரணி குசினி வாசலில் வந்து நின்றாள்.

"அப்பா, பத்துப் பேருக்குக் குறைவா வந்தா நாளைக்கு நிப்பாட்டிப் போடுவினம். புயலாம். ஆர் வரப்போகினம்?"

"ஏன், நாங்கள் வாறம்."

"ஐயோ வேண்டாம். சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தன் எண்டெல்லோ மேலாளர் நினைப்பா?" கொஞ்சம் யோசித்தாள். "சரி, வந்தா சும்மா ஆக்கள் மாதிரி வாங்கோ. என்னைத் தெரிஞ்ச மாதிரிக் காட்டக்கூடாது. அம்மாட்டையும் சொல்லுங்கோ."

சும்மா ஆக்கள். அந்தச் சொல் மீன் முள்ளு மாதிரித் தொண்டையில் நின்றது. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் மனம் நொந்துதான் போனது. வேலைக்காகத்தான் மறைக்கிறாளா, அல்லது துறைமுகத்துக் களஞ்சியத்தில் பெட்டி ஏற்றும் தகப்பனையும் அவனுடைய உடைந்த பிரெஞ்சையும் அந்தப் பளிங்குத் தூண்களுக்கு நடுவில் காட்ட வெட்கப்படுகிறாளா? இதை யாரிடம் கேட்பது? மனைவியிடம் சொன்னேன். "ஆக்கள் சேர்க்கிற வழியை முதல் பாருங்கோ, பேந்து கவலைப்படலாம்" என்றாள்.

ஆட்களைச் சேர்ப்பது எங்களுக்குக் கைவந்த கலை. இங்கே இருக்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மாதத்துக்கு ஒரு அரங்கேற்றம், ஒரு நூல் வெளியீடு, ஒரு பழைய மாணவர் ஒன்றுகூடல். உங்கள் பிள்ளையின் அரங்கேற்றத்துக்கு நான் வந்து கதிரையை நிரப்பினால், என் மைத்துனரின் கவிதைப் புத்தகத்துக்கு நீங்கள் வந்து நிரப்பவேண்டும். ஆடலில் எங்களுக்கு அரிச்சுவடி தெரியாது, கவிதை விளங்காது. அது முக்கியமில்லை, மண்டபம் வெறுமையாக இருக்கக்கூடாது. நான் இத்தனை வருடமாக நிரப்பிய கதிரைகளை எல்லாம் அன்றிரவு ஒரே மூச்சில் திருப்பிக் கேட்டேன். இரண்டு மணிக்கு என்பதை ஒரு மணி என்று சொன்னேன். அவர்களும் என்னை அறிந்தவர்கள்தானே, ஒரு மணித்தியாலம் கூட்டிக்கொண்டு சரியாக இரண்டு மணிக்கே வந்து இறங்கினார்கள்.

லவாலில் இருக்கும் அத்தானுடன்தான் பிரச்சினை. அக்காவின் கணவர். அங்கே ஒரு சங்கத்துக்குத் தலைவர். அவர் மேடையேறாத கூட்டம் இந்த மொன்றியல் தீவிலும் இல்லை, பாலம் தாண்டி லவாலிலும் இல்லை.

"நன்றியுரை ஆர்?" என்று கேட்டார்.

"அத்தான், உது கூட்டமில்லை. படம் பாக்கிறது."

"கூட்டமோ படமோ, கடைசியிலை ஒருதரும் நன்றி சொல்லாமல் எழும்பிப் போறதோ? உதென்ன பழக்கம்?"

"வாயே திறக்கக்கூடாது அத்தான். பிள்ளையின்ரை வேலை போயிடும்."

"ஓம், ஓம்" என்றார். தொலைபேசியில் அவர் ஓம் என்றால் காதில் விழுந்தது என்று மட்டும்தான் அர்த்தம்.

அந்த அத்தான் சட்டை கழற்றும் இடத்தில் கழுத்துத் துணியை மட்டும் கொடுக்க மறுத்தார். சரிகைக் கரை போட்ட மஞ்சள் துணி. உற்றுப் பார்த்தேன், பொன்னாடை. முந்தின கிழமை ஒரு நூல் வெளியீட்டில் அவருக்கு யாரோ போர்த்தியது. குளிருக்குச் சுற்றுவது மாதிரி இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தார். "தொண்டை கட்டியிருக்கு" என்று என்னிடம் தமிழில் முனகினார். மனைவியிடம் பட்டுச்சேலையைப் பற்றிக் கேட்டேன். "பிள்ளையின்ரை முதல் நாள். வீட்டுச் சீலையோட வரச் சொல்லுறியளோ?" என்றாள். எல்லோரும் அதையேதான் நினைத்திருக்கிறார்கள். குளிர்ச்சட்டைக்குள் என்ன உடுத்தால்தான் யாருக்குத் தெரியும் என்று.

மேலாளர் அம்மா வந்தார். நரைத்த கட்டை மயிர், சிரித்த முகம். இவ்வளவு பேரைப் புயல் நாளில் எதிர்பார்க்கவில்லை போலும். ஒவ்வொருவரிடமும் போய் பிரெஞ்சில் ஏதோ விசாரித்தார். இப்படி ஏதும் வந்தால் சமாளிப்பதற்கு எல்லோருக்கும் நான் ஒரு வசனம் சொல்லிக் கொடுத்திருந்தேன்: "ஜெம் போக்கூ லார்." எனக்கு ஓவியம் மிகவும் பிடிக்கும். அக்கா சொன்னாள், "ஜெம் போக்கூ லார்." பக்கத்தில் நின்றவர் கேள்வி முடியுமுன்னே சொல்லிவிட்டார். என் மனைவியிடம் அவர் யன்னலைக் காட்டி, பனிக்குள் எப்படி வந்தீர்கள் என்ற மாதிரி ஏதோ கேட்டார். மனைவி கொட்டுகிற பனியைப் பார்த்து, மிகுந்த பக்தியோடு, தனக்கு ஓவியம் மிகவும் பிடிக்கும் என்றாள். மேலாளர் அம்மா தலையாட்டி, உதட்டைக் கடித்துக்கொண்டு அப்பால் போனார்.

ஆரணி வந்தாள். கறுப்புக் காற்சட்டை, கழுத்தில் பெயர் அட்டை. பட்டுச்சேலைகளைக் கண்டதும் ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு அவளுடைய பார்வை எங்கள் மேல் சுவரைப் பார்ப்பதுபோல் வழுக்கிக்கொண்டு போனது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுவோம் என்று நான் மனைவியையும் இழுத்துக்கொண்டு அறைக்கு அறை ஏதாவதொரு தூணுக்குப் பின்னால் நின்றேன்.

அவள் பேசத் தொடங்கினாள். எங்கள் ஆட்கள் எந்த மண்டபத்திலும் முன்வரிசையைப் பிரமுகர்களுக்கு விட்டுப் பின்னால் இருப்பவர்கள். இங்கேயும் எல்லோரும் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். நடுவில் ஒரு வெறும் மைதானம். ஒவ்வொரு படத்தைப் பற்றியும் சொல்லி முடித்ததும் கை தட்டினார்கள். பனி மூடிய வயலில் குதிரைவண்டி போகும் படத்துக்கு முன்னால் அக்கா என் காதுக்குள், "உதை வெளியிலையே பாத்திருக்கலாமே?" என்றாள். உடுப்பில்லாத பெண் ஒருத்தி சாய்ந்து கிடந்த படத்துக்கு வந்ததும் ஆண்கள் எல்லோரும் கூரையை ஆராய்ந்தார்கள். அத்தான் மட்டும் பக்கத்தில் ஒட்டியிருந்த குறிப்பை எழுத்துக் கூட்டி நெடுநேரம் வாசித்தார். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது.

படங்களுக்கு முன்னால் தரையில் ஒரு கறுப்புக் கோடு. அதைத் தாண்டக்கூடாது. எனக்குப் படத்தைவிட என் மகளின் முகத்தைப் பார்க்க ஆசை. எட்டிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் கால் கோட்டைத் தாண்டிவிடும். காவலுக்கு நின்ற நெட்டை மனிதன் விரலை நீட்டி, "மிஸ்யூ" என்று ஐயா போட்டே எச்சரிப்பான். நான் காலை இழுத்துக்கொள்வேன்.

அவள் அவ்வளவு நேரம் தொடர்ந்து பிரெஞ்சு பேசி நான் கேட்டதில்லை. கைகளை விரித்து, குனிந்து, நிமிர்ந்து பேசினாள். எனக்கு யாழ்ப்பாணத்தில் படித்த காலத்துப் பள்ளிக்கூடக் கண்காட்சி ஞாபகம் வந்தது. ரப்பர் குழாயும் சிவப்புத் தண்ணீரும் வைத்து இருதயம் வேலை செய்வதை விளக்கியது நான்தான். என் ஐயா அரைவாசித் தெருவையும் கூட்டிக்கொண்டு வந்து, வந்தவன் போனவனுக்கெல்லாம் "உது என்ரை மகன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் கூச்சம் தாங்காமல் எலும்புக்கூடு வைத்த அலுமாரிக்குப் பின்னால் போய் ஒளித்தேன். இங்கே தகப்பன் நான் ஒளித்து நிற்கிறேன். ஐயா பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பார்.

கடைசி அறையில் ஆரணி "மெர்சி" என்று நன்றி சொல்லி முடித்தாள். தப்பினோம் என்று மூச்சு விட்டேன். கைதட்டல் அடங்குமுன் அத்தான் செருமிக்கொண்டு அந்த வெறும் மைதானத்தின் நடுவுக்குப் போனார். கழுத்துத் துணியைச் சுற்றிச் சுற்றிக் கழற்றினார்.

"சபையோர்க்கு முதற்கண் என் பணிவான வணக்கம்."

எங்கள் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு அமைதியாகிவிட்டார்கள். நன்றியுரை என்றால் அப்படித்தான். மேலாளர் அம்மா ஆரணியைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் ஆரணி அவர் பேசுவதைப் பிரெஞ்சில் சொல்லத் தொடங்கினாள். மாளிகை போன்ற இந்தக் கட்டடத்துக்கு நன்றி. படங்களை வரைந்து வைத்துவிட்டுக் காலமான கலைஞர்களுக்கு நன்றி. புயலையும் பாராது வந்த சபையோருக்கு நன்றி. விரலை நீட்டிய காவலாளிக்கும் நன்றி. நிர்வாகத்தின் தலைவிக்கு இப்போது பொன்னாடை போர்த்திக் கௌரவிக்கிறோம் என்று சொல்லி அத்தான் அதைப் போர்த்தியும் விட்டார். மேலாளர் அம்மா சரிகையைத் தடவிப் பார்த்தார்.

"இறுதியாக," என்று அத்தான் குரலை உயர்த்தினார், "இந்தப் பிள்ளையைப் பெற்று வளர்த்து, இன்றைக்கு ஆரோ எவரோ போல அந்தத் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கின்ற தாய்க்கும் தகப்பனுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி!"

ஆரணி நிறுத்திவிட்டாள். அந்த அறையில் இரண்டு மொழியும் சரியாகத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அந்த ஒரு வசனத்தை விழுங்கிவிட்டு வேறு ஏதாவது சொன்னால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. விழுங்கிவிடு பிள்ளை என்று மனதுக்குள் சொன்னேன். விழுங்கிவிடுவாளோ என்று பயந்தும் போனேன். மனைவி என் கையை நகம் பதியப் பிடித்தாள்.

ஆரணி தூணைப் பார்த்தாள். "எ மே பரோன்," என்றாள். கையை நீட்டி எங்களைக் காட்டினாள். "லா-பா."

என் பிரெஞ்சு பெட்டி, லொறி, ஏற்று, இறக்கு என்பவற்றைத் தாண்டாது. ஆனால் பள்ளிக்கூடக் கூட்டங்களில் வருடக்கணக்காகக் கேட்ட சொல் அது. என் தாய் தகப்பன், அங்கே. எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கண் கலங்கியது, மறைக்கவும் முடியவில்லை.

மேலாளர் அம்மா பொன்னாடையோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்து ஏதோ சொன்னார். ஆரணி எங்களுக்குத் தமிழில் சொன்னாள்: "சட்டை கழட்டின இடத்திலையே அவவுக்குத் தெரியுமாம். புயலுக்குள்ள பட்டுச்சீலையோட வாற சும்மா ஆக்களை அவ ஒருநாளும் காணேல்லையாம். எண்டாலும் நான் கதைச்சது நல்லாயிருந்ததாம். அடுத்த கிழமை தொடக்கம் என்னை வரட்டாம்."

"அப்ப அடுத்த கிழமைக்கும் ஆக்களைச் சேர்க்கட்டோ?" என்றார் அத்தான்.

"அப்பா, ஏன் இன்னும் உங்கை நிக்கிறியள்? இஞ்சாலை வாங்கோ."

குறுக்கு வழியில் சுவரோரமாக அவளிடம் ஓடினேன். "மிஸ்யூ!" என்ற குரல் கேட்டது. நின்றேன். ஒரு கால் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது, மற்றது இந்தப் பக்கம். எதை எடுப்பதென்று தெரியவில்லை. காவலாளி என்னைப் பார்த்தான், ஆரணியைப் பார்த்தான், பிறகு நீட்டிய விரலை மடக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தான். ஆரணி வந்து என் பக்கத்தில் நின்றாள். "அப்பிடியே நில்லுங்கோ" என்று மனைவி தொலைபேசியில் படம் எடுத்தாள்.

அந்தப் படம் இப்போது மொன்றியலின் லாசால் பகுதியில் எங்கள் வீட்டு வரவேற்பறையில், பலசரக்குக் கடைக் கலண்டருக்குப் பக்கத்தில் தொங்குகிறது. உப்புப் படிந்த என் சப்பாத்து ஒன்று கோட்டுக்கு அந்தப் பக்கம், மற்றது இந்தப் பக்கம். வீட்டுக்கு வருகிறவர்களை ஆரணி அதற்கு முன்னால் நிறுத்தி வைத்து, வேலையில் செய்வதுபோலவே கையை விரித்து விளக்கம் சொல்கிறாள். பிரெஞ்சுச் சிநேகிதிகள் என்றால் பிரெஞ்சில், எங்கள் ஆட்கள் என்றால் தமிழில். எந்த மொழியில் என்றாலும் முதலில் சொல்வது ஒன்றுதான்: "இது என்ரை அப்பா."