சண்டை போட ஒரு மொழி

மைசூர் ஹெப்பாளில் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது வீட்டுக்காரரின் மகள் சுமா போனில் கூப்பிட்டாள். "அம்மா ஹோதரு" என்றாள். அம்மா போய்விட்டார். கோயிலிலிருந்து திரும்பும் வழியில், அக்ரஹாரத்துப் பூக்கடை முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. சுமா பெங்களூரிலிருந்து காரில் வந்துகொண்டிருந்தாள். ஸ்ரீரங்கப்பட்டணம் வந்துவிட்டதாம். அப்பாவுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை, எங்கள் யாருக்கும் அவரிடம் சொல்ல வராது, நீதான் சொல்ல வேண்டும் என்றாள்.

பஸ் சிக்னலில் நின்றது. ஜன்னல் திறக்காத பஸ். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள். சத்தம் வரவில்லை. வாய்கள் மட்டும் அசைந்தன.

சுமாவின் அம்மா நாகரத்னம்மாவின் வீட்டு மாடியில் நான் குடியிருக்கிறேன். ஆண்ட்டி என்று கூப்பிடுவேன். அவரை அறிந்தவர்கள் எங்கள் தெருவில் நிறைய. அவர்களில் யாருக்கும் இதைப் படிக்கத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் அவர் கணவர் மாதப்பன். அவருக்கும் இப்போது எழுத்து பிடிபடுவதில்லை. இருந்தும் தமிழில் எழுதுகிறேன். ஆண்ட்டி கடைசியாகக் கற்ற மொழி இது.

மாதப்பன் தமிழக எல்லையோரத்து ஹனூர்ப் பக்கத்துத் தமிழர். இளவயதில் மைசூருக்கு வந்தவர். தொழிற்சாலையில் கன்னடம், கல்யாணம் செய்தது கன்னட வீட்டில், மகளிடம் பேசியதும் கன்னடம். ஊரில் பெற்றவர்கள் போனபின் தமிழ் பேச ஆள் இல்லை. பிறகு பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது சிறுவயதுத் தமிழ் மட்டும் துண்டுதுண்டாகத் திரும்பியிருந்தது. கன்னடம் வரவில்லை. சிலருக்கு இப்படி ஆகும் என்றாராம் டாக்டர். யாராவது கன்னடத்தில் பேசினால் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒன்றும் உள்ளே போகாது.

ஒருநாள் ஆண்ட்டி மாடிப்படியில் நின்று என்னைக் கூப்பிட்டார். நீ தமிழ்தானே, வந்து கேள், இவர் ஏன் அழுதுகொண்டே இருக்கிறார் என்றார். கீழே போய்க் கேட்டேன். மாதப்பன் ஜன்னலைக் காட்டினார்.

"அம்மணி... வெயிலு கண்ணுல அடிக்குது. அந்தத் துணிய இழுத்து உடு."

திரையை இழுத்துவிட்டேன். வீடே அவருடைய துக்கத்துக்காக அழுதுகொண்டிருந்தது. அவருக்கு வேண்டியிருந்தது கொஞ்சம் நிழல்.

அன்றைக்கே ஆண்ட்டி தமிழ் கற்க உட்கார்ந்துவிட்டார். மாடிப்படியில், மடியில் அவரைக்காய் முறத்தோடு. பதிலுக்கு எனக்குக் கன்னடம். எனக்கும் அது தேவைப்பட்டது. நான் திருநெல்வேலிக்காரி. கடையில் ஒரு கன்னட வாக்கியத்தைத் தொடங்கினால், பாதியிலேயே கடைக்காரர் பரிதாபப்பட்டு ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். ஆண்ட்டி மாறமாட்டார். நான் சொல்லி முடிக்கும்வரை அவரைக்காயை உரித்துக்கொண்டு காத்திருப்பார். "நாக்கு வெட்கப்பட்டா வயிறு பட்டினி" என்பார். ஒருநாள் கன்னடத்தில் பேரம் பேசி, பாதி விலைக்குத் தேங்காய் வாங்கி வந்தேன். அதைத் தெரு முழுக்கச் சொன்னார். தேங்காய் அழுகல் என்பதைச் சொல்லவில்லை.

நான் அவருக்கு நல்ல தமிழ்தான் கற்றுக்கொடுத்தேன். சாப்பிடுகிறீர்களா. வலிக்கிறதா. படுத்துக்கொள்கிறீர்களா. அவர் அதை ஒப்பிப்பார். மாதப்பன் தலையை ஆட்டுவார், அல்லது ஆட்டமாட்டார். பிறகு சுவரைப் பார்ப்பார். நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் நாற்காலியை விட்டு எழுவதில்லை. கால் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டிருந்தது.

ஒரு மாலை ஆண்ட்டி முறத்தைத் தள்ளி வைத்தார்.

"இது வேண்டாம். நான் அவர் ஹெண்டத்தி, நர்ஸ் அல்ல. நாங்க தினா சண்டை போட்டவங்க. இப்ப எல்லாரும் அவர்கிட்ட மெதுவா, நல்லா பேசறாங்க. செத்தவங்ககிட்டதான் அப்படிப் பேசுவாங்க. எனக்கு பைகுள சொல்லிக்குடு."

ஹெண்டத்தி என்றால் பெண்டாட்டி. பைகுள என்றால் வசவு. எனக்குத் தெரிந்ததெல்லாம் என் அம்மா என்னை வைதவை. அவற்றைக் கொடுத்தேன். ஆண்ட்டி மாடிப்படியில் உட்கார்ந்து என்னைப் பார்த்து உரக்கப் பழகினார். விளங்காத மனுஷா. சொன்னா என்ன குறைஞ்சா போயிருவ. எதிர்வீட்டுப் பெண்மணி ஓடிவந்தார். "ஏனு ரத்னம்மா, பாடிகெக்கு இருக்கற பொண்ணோட ஜகளவா? பாவம், விட்டுடு." வாடகைக்காரியோடு சண்டையா என்று கேட்கிறார். ஆண்ட்டி நிமிரக்கூட இல்லை. "சும்மனிரு. பாடம் நடக்குது."

மறுநாள் அவர் மாதப்பன் முன் போய் நின்றார். நான் வாசலில் நின்றேன்.

"ரீ. விளங்காத மனுஷா. கால் இருக்கா, இல்லையா? எழுந்தா என்ன குறைஞ்சா போவீங்க? நான் செத்தா யார் தூக்கறது?"

கணவரைக் கூப்பிடும் அந்த 'ரீ'யை மட்டும் அவரால் விட முடிந்ததே இல்லை. மாதப்பன் திரும்பினார். உதடு கோணி, அசைந்து, நின்று, மறுபடி அசைந்தது.

"நீ... மொதல்ல... ஒழுங்காப் பேசிப் பழகு. வந்துட்டா. கம்முனு கெட."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் மனைவியிடம் அவர் பேசிய முதல் பேச்சு. ஆண்ட்டி என் பக்கம் திரும்பினார். "ஏனு? ஏனு ஹேளிதரு?" என்ன சொன்னார் என்று கேட்கிறார். சொன்னேன். "பைதரா?" என்றார். வைதாரா? தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரித்தார். முந்தானையை முகத்திலிருந்து எடுக்க நேரமாயிற்று. அதன்பின் தினமும் சண்டை. சண்டையின் நடுவே, ஆண்ட்டியின் தோளைப் பிடித்துக்கொண்டு, மாதப்பன் சமையலறை வரை நடந்தார்.

சுமா கூப்பிட்ட அன்று பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு ஓடினேன். கூடத்தில் ஆட்கள். உள்ளறையில் ஜன்னலோரம் மாதப்பன். எல்லோரும் வழிவிட்டார்கள். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"அங்கிள், ஆண்ட்டி தவறிட்டாங்க" என்றேன். சுவரைப் பார்த்தார். மறுபடி சொன்னேன். அசையவில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஆண்ட்டியின் குரலில், ஆண்ட்டியின் இழுப்போடு, "ரீ, கேக்குதா? அவங்க போயிட்டாங்க ரீ" என்றேன்.

அவர் திரும்பினார்.

"கேட்டுச்சு அம்மணி. மொதல்லயே கேட்டுச்சு." மூச்சு வாங்கினார். "அவ பேச்ச நீ பேசாத."

அதன்பின் அவர் யாரிடமும் பேசவில்லை. காரியங்கள் முடிந்தன. சுமா அவரைப் பெங்களூருக்குக் கூப்பிட்டுப் பார்த்தாள். நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். ஆண்ட்டி போவதற்கு முன்பே எனக்குச் சென்னைக்கு மாற்றல் வந்திருந்தது. நான் கேட்டு வாங்கிய மாற்றல். யாரிடமும் சொல்லவில்லை. மாலைகளில் கீழே போய், நல்ல தமிழில், சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். சுவர். கால் மறுபடி மெலியத் தொடங்கியது.

நேற்று தட்டை வைத்துவிட்டுத் திரும்பும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அம்மணி."

நின்றேன்.

"கொஞ்சம்... வையி."

தட்டை வைக்கச் சொல்கிறார் என்று யாராவது நினைக்கலாம். தட்டு ஏற்கெனவே பக்கத்து ஸ்டூலில் இருந்தது. அவர் கேட்டது வசவு. கைகள் நாற்காலியை ஊன்றியிருந்தன. எழுவதற்குத் தயாராக.

நாகரத்னம்மாவிடமிருந்து நான் கற்ற கன்னடம் கொஞ்சம்தான். அதுவும் மறந்து போகலாம். ஆனால் என் தாய்மொழியில், என் அம்மாவின் வசவுகளை, நான் இனிமேல் அவருடைய இழுப்பில்தான் சொல்வேன்.

"ரீ" என்று தொடங்கினேன்.