பரராசசிங்கத்தின் வலக்கை

பரராசசிங்கம் முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர். சோளகக் காற்றில் பஸ்ஸே ஆடும் கடலுக்கு நடுவால் போகும் தாம்போதிப் பாதையில் ஒற்றைக் கையால் சுக்கான் பிடித்துப் போவார் என்று அவருடைய ஊரான இறுப்பிட்டியில் இன்றும் சொல்வார்கள். அறுபத்தெட்டாவது வயதில், ஒரு காலை சவரம் செய்துகொண்டிருந்தபோது கத்தி கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சரிந்துவிட்டார். பாரிசவாதம்.

மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்தார். பேச்சு திரும்பியது, கால் ஓரளவு திரும்பியது. வலக்கை மட்டும் வரவில்லை. அமத்திப் பழகச் சொல்லி ஒரு ரப்பர் பந்து கொடுத்து அனுப்பினார்கள். “நான் என்ன சின்னப்பிள்ளையே?” என்று அதை அலுமாரிக்குள் போட்டுவிட்டு, யன்னலோரக் கதிரையில் இருந்துவிட்டார். பார்க்க வந்தவர்களிடம் தான் நித்திரை என்று சொல்லச் சொன்னார். சேட்டுப் போட்டுத் தெறி பூட்டிவிடுவதும் சோறு ஊட்டுவதும் மனைவி இரஞ்சிதத்தின் வேலையாயிற்று. அப்படியே ஏழு மாதம் போனது.

பிறகு இரஞ்சிதம் கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். கணுக்காலில் வெடிப்பு, ஆறு கிழமைக்குக் கால் நிலத்தில் படக் கூடாது. பக்கத்து வீட்டுக் கோசலா இருவருக்கும் சாப்பாடு கொண்டுவந்தாள். வளவில் இரஞ்சிதம் வைத்திருந்த பன்னிரண்டு கத்தரிக் கன்றுகளை ஒருவரும் நினைக்கவில்லை. மூன்றாம் நாள் இலைகள் தொங்கிப்போனதை யன்னலால் கண்டவர் பரராசசிங்கம்தான்.

“செத்தாச் சாகட்டும், பிறகு வைப்பம்” என்றார் இரஞ்சிதம்.

அடுத்த நாள் விடிந்ததும் அவர் எழுந்து வளவுக்குப் போனார். இடக்கையில் ஊன்றுபொல்லு, தண்ணீரை எதில் கொண்டுபோவது? வெறும் பால்மாத் தகரப் பேணி ஒன்றுக்கு இடக்கையாலேயே கம்பிப் பிடி போட்டு, அதை வலக்கை மணிக்கட்டில் கொழுவிக்கொண்டார். கிணறு உவர் என்பதால் குசினியில் அரிசி, மரக்கறி கழுவிய தண்ணீரை வாளியில் சேர்த்து வைப்பது வழக்கம். பொல்லைச் சாத்திவிட்டு அதிலிருந்து இடக்கையால் மொண்டு மொண்டு, பாதியை உடுத்த சாரத்தில் ஊற்றிக்கொண்டு, பன்னிரண்டு கன்றுக்கும் விட்டு முடிக்க ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது. மூச்சு வாங்க வந்து இருந்தவர், கோசலாவிடம் ஒரு தேத்தண்ணி கேட்டார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவராக வாய் திறந்து கேட்டது அது.

தண்ணீருக்குப் பின் களை. சின்ன மர வாங்கில் குந்தியிருந்து இடக்கையால் பிடுங்கினார். வலக்கையைச் சும்மா மண்ணில் வைத்திருந்தார். ஒரு மாதம் கழித்து ஒரு காலை, இரஞ்சிதத்தின் கட்டிலடிக்கு வந்து கையை நீட்டினார்.

“இஞ்சேரும், இதைப் பாரும்.”

பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஒரு புல் இருந்தது. வலக்கை. இரஞ்சிதத்துக்குக் கண் நிறைந்துவிட்டது.

“ஒரு புல்லுக்கோ அழுறீர்?” என்றார் அவர்.

அந்த விரல்கள் பிறகு பயிற்றங்கொடியைக் கட்டப் பழகின. அதற்குப் பிறகு சேட்டுத் தெறி பூட்டின. நித்திரைக் குளிசை இல்லாமலே நித்திரை வந்தது. கிளினிக்கில் பிறசர் பார்த்த டொக்டர் ஒரு மருந்தைக் குறைத்துவிட்டு, என்ன பயிற்சி செய்கிறீர்கள் என்று கேட்டாராம். “தோட்டம் செய்யிறன்” என்றாராம் இவர்.

ஆனால் கார்த்திகை மழையில் வளவில் நாலு நாள் வெள்ளம் நின்று எல்லாம் அழுகிப்போயிற்று. அவர் மறுபடி யன்னலோரக் கதிரைக்குப் போனார். ஒரு கிழமை வளவுப் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை. இரஞ்சிதம் பயந்தே போனார். எட்டாம் நாள் அவராக எழுந்து, வெறும் அரிசிச் சாக்குகள் இருக்கிறதா என்று கேட்டார். மூவருமாகக் கல் அடுக்கி, அதன்மேல் சாக்குகளை வைத்து, மண்ணும் ஆட்டெருவும் நிரப்பினார்கள். வெள்ளம் எட்டாது, அவருக்கும் குனிய வேண்டியதில்லை.

அந்தச் சாக்குகளை வேலிக்கு மேலால் பார்த்தவர் இராசமணி. புருசன் செத்தபின் இரண்டு வருடமாக வாசல் படலை தாண்டாதவர். தனக்கும் இரண்டு வைத்துத் தரமுடியுமோ என்று கோசலாவிடம் கேட்டுவிட்டார். பரராசசிங்கம் தானே போனார். இன்று ஏழு வீடுகளில் சாக்குத் தோட்டம். ஏழிலும் வயதானவர்கள்தான். காலையில் பொல்லோடு ஒரு சுற்றுப் போய், தண்ணீரை அளவுக்கு மிஞ்சி விட்டவர்களை ஏசிவிட்டு வர இரண்டு மணித்தியாலம் ஆகும். கை முழுதாக வரவில்லை. பஸ் ஓட்டுவதை நினைக்கவும் ஏலாது. அதைப் பற்றி அவர் கதைப்பதுமில்லை.

இதையெல்லாம் கேள்விப்பட்டுப் போன மாதம் அவரைப் பார்க்க நான் போனபோது அவர் வீட்டில் இல்லை. இராசமணி வீட்டு மிளகாயில் பூச்சியாம். நானும் அங்கே நடந்தேன். சாம்பலைக் காலைப் பனியோடு தூவ வேண்டும் என்று அவரும், பின்னேரம்தான் தூவ வேண்டும் என்று இராசமணியும், அந்தச் சாக்கின் இரு பக்கமும் நின்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். நான் வந்ததை இருவரும் கவனிக்கவில்லை.