ஐந்தாம் நம்பரில் வந்த புதுக்குரல்

யாழ்ப்பாணத்தில் போரால் தொலைபேசியும் மின்சாரமும் இல்லாமற்போன ஆண்டுகளில், நிவாரண நிறுவனம் ஒன்றின் வயர்லெஸ் அறையில் வேலை செய்தேன். எங்களிடம் ஏழு செற்றுகள், அதாவது வயர்லெஸ் கருவிகள், இருந்தன. ஒன்று என் மேசையில். மற்றவை வான் வண்டிகளிலும் கிளை அலுவலகங்களிலும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர், அதில் பேச அனுமதி பெற்ற ஒருவர் அல்லது இருவர். அந்தப் பட்டியல் என் பொறுப்பு. அதில் இல்லாதவருக்குப் பதில் சொல்லவே கூடாது. வெளியாள் ஒருவர் ஒருமுறை பேசினாலும் செற்றுகளுக்கான அனுமதியே பறிபோகும் என்று பொறுப்பாளர் முதல்நாளே எச்சரித்திருந்தார். உண்மையைச் சொன்னால், அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது. கொக்குவிலிலிருந்து சைக்கிளில் வரும் ஒரு பெண்ணுக்கு வேறெங்கே அவ்வளவு அதிகாரம் கிடைக்கும்?

ஒருநாள் முற்பகல், புத்தூருக்கு மருந்து கொண்டுபோன வானிலிருந்து அழைப்பு வந்தது.

"ஐந்தாம் நம்பர் கதைக்கிறன். ஆரும் கேக்கிறியளோ?"

பெண்குரல். ஐந்தாம் நம்பரில் பேச அனுமதி உள்ளவர் வயதான சாரதி மட்டும்தான். பொறுப்பாளரோ அரச அலுவலகமான கச்சேரிக்குப் போயிருந்தார். பேசும் பொத்தானிலிருந்து விரலை எடுத்துக்கொண்டேன். குரல் மறுபடி வந்தது, இம்முறை அழுகையோடு.

"நான் நேர்ஸ். அண்ணை மயங்கி விழுந்திட்டார். றோட்டிலை ஒருத்தரையும் காணேல்லை. எனக்கு வான் ஓடத் தெரியாது."

அந்த வாரம்தான் புதிதாக ஒரு நேர்ஸ் சேர்ந்திருந்தார். அவர் குரலை நான் கேட்டதில்லை. வானைப் பறித்தவர்களும் இப்படிச் சொல்லலாமே! கடைசியில் பொத்தானை அழுத்தினேன்.

"செற்றின்ரை பின்பக்கத்திலை ஒரு இலக்கம் இருக்கு. வாசியுங்கோ."

வாசித்தார். பதிவேட்டிலிருந்த அதே இலக்கம். செற் எங்களுடையதுதான். ஆனால் ஆள்?

"காலமை உங்களுக்கு மருந்துப் பெட்டி ஏத்தித் தந்தது ஆர்?"

அவர் பதில் சொல்லுமுன் பின்னாலிருந்து ஓர் ஆண்குரல் முனகியது.

"உவ உப்பிடித்தான் பிள்ளை. கேக்கிறதுக்கெல்லாம் சொல்லு. சொல்லாட்டி விடமாட்டா."

எங்கள் சாரதி! எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பக்கத்து ஊரில் நின்ற நாலாம் நம்பர் வானை உடனே அங்கே அனுப்பினேன். சாரதியை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று என்ற செய்தி வந்த பிறகுதான் கதிரையில் சாய்ந்தேன். சாரதிக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் அதற்கான குளிசையை மட்டும் போட்டிருக்கிறார். நேர்ஸ் குளுக்கோஸ் ஊசி போட்டதில்தான் அவருக்கு நினைவு திரும்பியிருந்தது.

பொறுப்பாளர் வந்ததும் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"லிஸ்ரிலை இல்லாத ஆளோடை கதைச்சுப் போட்டன் சேர்."

முழுவதையும் கேட்டார்.

"செற்றையும் விசாரிச்சீர், ஆளையும் விசாரிச்சீர். பிறகென்ன? அந்தப் பிள்ளையின்ரை பேரையும் எழுதும். வானிலை போற எல்லாரும் இனிப் பழகவேணும்."

அன்று மத்தியானச் சாப்பாட்டை நாலு மணிக்குத்தான் சாப்பிட்டேன். நல்ல பசி.

அடுத்த வாரம் நேர்ஸ் பழக வந்தார். செற்றைத் தொடுமுன் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அண்டைக்கு என்னைக் கள்ளியெண்டே நினைச்சனீங்கள்?"

"ஓம்" என்றேன். இருவருக்கும் சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று.