வாரேன்லா

சென்னையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பேராச்சி நிரப்ப வேண்டியிருந்த கணினிப் படிவத்தில் பெயருக்கு ஒரு கட்டமும் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டமும் இருந்தன. இரண்டாவது கட்டத்தைக் காலியாக விட்டால் படிவம் அடுத்த பக்கத்துக்குப் போக மறுத்தது. தென்காசிப் பக்கம் சுந்தரபாண்டியபுரத்தில் அவர்கள் வீட்டில் யாருக்கும் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. வேறு வழியில்லாமல் அப்பா பெயரைப் போட்டாள். அந்த நிறுவனத்தில் இருந்த வருஷங்கள் முழுக்க வெளிநாட்டுக்காரர்களும் வடக்கத்திக்காரர்களும் அவளைப் "பலவேசம்" என்றே கூப்பிட்டார்கள். ஊரில் சூரியகாந்தி வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த நிஜப் பலவேசத்திடம் இதைச் சொன்னபோது, "நல்லாத்தான இருக்கு. எம்பேரு அமெரிக்கா வரைக்கும் போயிருக்குல்லா," என்றார்.

கல்யாணம் ஆனது குற்றாலத்தில் மின்சாதனக் கடை வைத்திருந்த சிவனணைந்தபெருமாளோடு. அவர் பெயர் எந்த அடையாள அட்டையிலும் முழுசாக வந்ததில்லை. ஒன்றில் 'சிவனணைந்த' வரைக்கும் இருக்கும், இன்னொன்றில் 'பெரு' வரைக்கும். அவருக்கு அது வேடிக்கை. பேராச்சிக்கு அப்படி இல்லை. கட்டத்தை வரைந்தவனுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் அந்தக் கட்டத்துக்குள் அடங்கும் என்று அவள் நினைத்தாள். மற்றவர்கள் பளபளப்பான திரைகளை உருவாக்க ஆசைப்பட்டபோது அவள் தகவல்களை அடுக்கிச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸ் பக்கம் போனதற்கு அதுதான் காரணம்.

கொரோனாவின்போது லேப்டாப்போடு ஊருக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. தென்காசியில் ஜெபசிங் என்பவர் நடத்திவந்த சிறிய மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தாள். கோயிலுக்குப் பின்னால் ஒரு ஸ்டேஷனரி கடையின் மாடியில் இருந்தது அலுவலகம். சாரல் காலத்தில் ஜன்னலைத் திறந்து வைத்தால் கீபோர்டு நனைந்துவிடும். ஜெபசிங் அவளைவிடப் பத்து வயது மூத்தவர். நல்ல மனிதர். வாடிக்கையாளரிடம் மட்டும் 'முடியாது' என்று சொல்ல வராது.

புதுக் கருவிகள் மீது பேராச்சிக்கு வெறுப்பு ஒன்றும் இல்லை. தான் அரை நாள் உட்கார்ந்து எழுதும் நிரலை ஏஐ கருவி ஒரு காபி ஆறுவதற்குள் எழுதிக் கொடுத்தால் அதை வாங்கிக்கொள்வாள். ஆனால் புதிதாக வந்த சமையல்காரன் வைத்த குழம்பை ருசி பார்க்காமல் பந்திக்கு அனுப்ப மாட்டார்கள் அல்லவா, அதுபோல ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்ப்பாள். டேட்டாபேஸுக்கும் ஏஐக்கும் என்ன வித்தியாசம் என்று கணவர் ஒருநாள் கேட்டார்.

"டேட்டாபேஸ்ல இல்லாத ஒண்ணைக் கேட்டா, இல்லைன்னு சொல்லிரும். அதுக்குன்னே காலி இடம் வைக்கலாம். சைபர் வேற, காலி வேற. ஒருத்தர்கிட்ட ரூவா இல்லேங்கிறது ஒரு சேதி. இருக்கா இல்லையான்னு நமக்குத் தெரியலேங்கிறது வேற சேதி. ஏஐ அப்படி இல்ல. தெரியலேன்னு சொல்ல அதுக்குக் கூச்சம். எதையாவது ஒண்ணைச் சொல்லிரும், அதுவும் நம்ம நம்புத மாதிரி."

"நம்ம கடைக்கு வருத மெக்கானிக் மாதிரின்னு சொல்லு," என்றார் சிவனணைந்தபெருமாள்.

போன வருஷம் ஒரு அறக்கட்டளையின் டயாலிசிஸ் மையம் ஜெபசிங்கைத் தேடி வந்தது. சிறுநீரகம் பழுதான நோயாளிகளுக்கு அங்கே இயந்திரம் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். மையத்துக்குப் பல ஊர்களில் கிளைகள் உண்டு. தென்காசிக் கிளைக்குப் புளியங்குடி, கடையநல்லூர், கீழப்பாவூர் என்று சுற்று வட்டாரத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். மையத்தின் வேனே வீடு வீடாகப் போய் ஏற்றிக்கொண்டு வரும். ஒருவர் வராமல் போனால் அந்தப் படுக்கை வீணாகும், வேனும் வெறுமனே அலையும். அதனால் முந்தின நாள் மாலை ஒவ்வொருவரையும் ஃபோனில் கூப்பிட்டு வருகிறாரா என்று கேட்க வேண்டும். அந்த வேலையைத்தான் இனி இயந்திரக் குரல் செய்ய வேண்டும் என்றார்கள்.

பேச்சைப் புரிந்துகொள்ளும் ஏஐயை வெளியூர் நிறுவனம் ஒன்று கொடுத்தது. அது சொல்லும் பதிலை டேட்டாபேஸில் பதிந்து வேன் ஓட்டுநருக்கு அனுப்பும் பகுதி பேராச்சியுடையது. பதிலுக்கு அவள் மூன்று நிலைகள் வைத்தாள்: வருகிறார், வரவில்லை, தெரியவில்லை. மையத்தின் நிர்வாகிக்கு மூன்றாவது பிடிக்கவில்லை.

"மூணாவது எதுக்கும்மா? ஒண்ணு வருவாங்க, இல்ல வரமாட்டாங்க," என்றார் அவர் கூட்டத்தில்.

"மெஷினுக்குச் சரியா வெளங்கலேன்னா என்ன செய்யன்னு ஒரு இடம் வேணும் சார்."

"அப்ப மறுபடி ஒரு ஆளு கூப்பிடணும். அந்த ஆளு வேணாம்னுதான இதைச் செய்றோம்?"

ஜெபசிங் மேசைக்கு அடியில் காலால் அவள் காலைத் தட்டினார். மூன்றாவது நிலை போயிற்று. ஆனால் நோயாளிகள் பேசியதன் ஒலிப்பதிவைத் தூக்கிப் போடாமல் ஒவ்வொரு பதிலுக்குப் பக்கத்திலும் இணைத்து வைத்தாள். யாரும் கேட்காமல் அவள் செய்த வேலை அது. முடிவு தப்பாகப் போனால் மூலத்துக்குத் திரும்ப வழி இருக்க வேண்டும் என்பது அவள் பழக்கம்.

ஆனி மாதம் குற்றாலத்தில் சீசன் களைகட்டிய சமயத்தில் இயந்திரக் குரல் பேச ஆரம்பித்தது. மற்ற ஊர்களில் நன்றாகவே போனது. தென்காசியிலும் நன்றாகப் போவதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். ஒரு வியாழக்கிழமை காலை, மாதாந்திர அறிக்கைக்காகக் கிளைவாரியாகக் கணக்கெடுத்தபோது தென்காசியில் மட்டும் 'வரவில்லை' மற்ற ஊர்களைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. சீசன் நெரிசல் காரணமாக இருக்கும் என்றார் பக்கத்து மேசையிலிருந்த பையன். பேராச்சி பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடையநல்லூர் ஹபீபுல்லா என்பவர் திங்கள்கிழமை வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை என்று இருந்தது.

அவளுக்கு அது சரியாகப் படவில்லை. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறவர் ஒரு முறை தவறவிட்டாலே உடம்பு தாங்காது. அடுத்ததையும் யாராவது வேண்டாம் என்பார்களா? ஹெட்போனை மாட்டிக்கொண்டு திங்கள்கிழமைக்கான அவருடைய ஒலிப்பதிவைத் திறந்தாள்.

இயந்திரக் குரல் சுத்தமான தமிழில் கேட்டது: "நாளை சிகிச்சைக்கு வருகிறீர்களா?"

வயதான ஆண்குரல் சிரித்துக்கொண்டே சொன்னது: "வாரேன்லா. வராம எங்கன போவேன்?"

"நன்றி. உங்கள் பதில் பதிவு செய்யப்பட்டது."

பேராச்சி திரும்பவும் கேட்டாள். 'வாரேன்லா' என்பதில் இருந்த 'லா'வை இயந்திரம் 'இல்லை' என்று எடுத்துக்கொண்டிருந்தது. பின்னால் வந்த 'வராம'வும் 'போவேன்' என்பதும் அதை உறுதிப்படுத்தியிருந்தன. தென்காசிக்காரர் யாரிடம் கேட்டாலும் அதற்கு 'கண்டிப்பாக வருவேன்' என்றுதான் அர்த்தம் சொல்வார்கள்.

இன்றைக்கான பதிவு அதைவிட மோசம். திங்கள்கிழமை வேன் வராததால் அவர் மனைவி மையத்துக்கு ஃபோன் செய்திருக்கிறார். மையத்துக்கு வரும் அழைப்புகளையும் எடுப்பது அதே இயந்திரம்தான். "வண்டி இன்னும் வரலியேம்மா, அவுக காத்துக்கிட்டு இருக்காவ," என்று அந்த அம்மா சொன்னதை 'வரவில்லை' என்று எடுத்துக்கொண்டு, அடுத்த முறையான வியாழனையும் ரத்து செய்துவிட்டு நன்றி சொல்லியிருந்தது. அந்த அம்மாவும் பதிலுக்கு "சரிம்மா, நல்லா இரு," என்று சொல்லி ஃபோனை வைத்திருந்தார்.

பேராச்சி ஹெட்போனைக் கழற்றினாள். எழுந்து ஜெபசிங்கின் அறைக்குப் போய், நடந்ததைச் சொன்னாள்.

"சரிம்மா, மொதல்ல நிர்வாகிக்கு ஒரு மெயில் போடுவோம்," என்றார் அவர். "நோயாளிகிட்ட நாம நேரா பேசக்கூடாதுன்னு ஒப்பந்தத்துல இருக்கு."

"போன வியாழக்கிழமைக்குப் பிறவு அந்த மனுசனுக்கு ரத்தம் சுத்தமாகவே இல்ல அண்ணே. மெயிலை அவரு எப்பம் பாப்பாரு?"

ஜெபசிங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ கூப்பிடு. மெயிலை நான் போடுதேன். ஏதாவது வந்தா நான் சொன்னேன்னு சொல்லிக்க," என்றார்.

ஃபோனை எடுத்தது அந்த அம்மாதான். பெயர் ஜைனப் என்றார். பேராச்சி, மையத்துக்கு மென்பொருள் செய்யும் அலுவலகத்திலிருந்து பேசுவதாகச் சொன்னதும் அவர் குரல் உயர்ந்தது.

"அந்தப் பிள்ளை நீதானாம்மா? தேன் மாதிரி பேசுனியே, வண்டியை அனுப்பலியே! ராத்திரியெல்லாம் அவுகளுக்குப் படுக்க முடியல. சாஞ்சா மூச்சு முட்டுது. உக்காந்தே இருந்தாவ. காலு ரெண்டும் வீங்கிப் போச்சு."

"அம்மா, அது நான் இல்ல. அது மெஷினு. அது அய்யா சொன்னதைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டுது. இப்பம் அதைப் பேச நேரமில்ல. வண்டி அனுப்புதேன், அய்யாவை ஏத்தி விடுங்க."

"மெஷினா?" என்றார் ஜைனப். "நான் அதுக்கு நல்லா இருன்னு துவாலாம் செஞ்சேனே."

மையத்தின் வேன் அப்போது புளியங்குடியில் இருந்தது. அது திரும்பும்வரை காத்திருக்க முடியாது. பேராச்சி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக் கடையநல்லூர் முகவரியைச் சொன்னாள். பிறகு மையத்தின் மூத்த நர்ஸ் சுஜிதாவைக் கூப்பிட்டாள். சுஜிதா ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. "வாரட்டும். ஒரு படுக்கை ஒதுக்குதேன்," என்று மட்டும் சொன்னாள்.

அடுத்து பேராச்சி செய்தது, மற்ற 'வரவில்லை'களை ஒவ்வொன்றாகக் கேட்டதுதான். ஜெபசிங்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வந்துருவம்லா" என்று ஒருவர். "வராம இருக்க முடியுமா?" என்று ஒருவர். "ஏன், வராண்டாமா?" என்று, வர வேண்டாமா என்ற அர்த்தத்தில், திருப்பிக் கேட்டாள் ஒரு பெண். நிஜமாகவே வரவில்லை என்றவர்கள் சிலரே. மற்றவர்களின் பெயர்களை உடனே சுஜிதாவுக்கு அனுப்பி வைத்தாள். ஊர்க்காரர்கள் யாருக்கும் கேட்ட கேள்விக்கு 'ஆம்' என்று சொல்லும் வழக்கம் இல்லை. கேட்டவரைச் சீண்டியோ பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டோதான் 'ஆம்' சொல்கிறார்கள் என்பது, அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பேராச்சிக்கும் அன்றைக்குத்தான் உறைத்தது. அவளும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் அவள் மையத்துக்குப் போனாள். ஹபீபுல்லா படுக்கையைச் சாய்த்து வைத்துக்கொண்டு ஆக்சிஜனோடு இருந்தார். இயந்திரத்தில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. கால் மணி தாமதமாகியிருந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருந்திருக்கும் என்றாள் சுஜிதா. அரபு நாட்டில், தம்மாமில் பல வருஷம் லாரி ஓட்டிவிட்டு வந்தவர் அவர். மூச்சு கொஞ்சம் சீரானதும் பேராச்சியைப் பார்த்தார்.

"நீதான் அந்த மெஷினுக்கு ஆளா?"

"எழுதி வைக்கிற வேலை என்னோடது அய்யா. கேக்குறது வேற ஆளு."

"அரபிக்காரன்கிட்ட நான் அரைகுறை அரபியில பேசியிருக்கேன். அவனுக்கு வெளங்கலேன்னா 'என்ன சொல்லுத'ன்னு திருப்பிக் கேப்பான். இது கேக்கல பாத்தியா?"

பேராச்சி, "கேக்க வைக்கணும் அய்யா," என்றாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜைனபிடம் மன்னிப்புக் கேட்டாள். தனக்கு யார் மேலும் கோபம் இல்லை, வாய் இல்லாத சாமானிடம் கோபப்பட்டு என்ன ஆகப் போகிறது என்றார் அவர். ஆனால் அந்தக் குரல் இனி தன் வீட்டுக்கு ஃபோன் செய்யக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

மறுநாள் கூட்டத்தில் நிர்வாகி முதலில் வெளியூர் நிறுவனத்தைத் திட்டினார். பிறகு பேராச்சியைப் பார்த்து, ஒப்பந்தத்தை மீறி ஏன் நோயாளியைக் கூப்பிட்டாய் என்றார். நான்தான் கூப்பிடச் சொன்னேன் என்றார் ஜெபசிங். பேராச்சி ஒலிப்பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினாள். நிர்வாகி மதுரைக்காரர், இந்த ஊர்ப் பேச்சு அவருக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. "வராண்டாமா?" என்று அந்தப் பெண் கேட்டதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காக வருத்தப்பட்டவர் போல முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, மூணாவதைப் போடுங்க," என்றார்.

இப்போது இயந்திரத்துக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் அந்தப் பெயர் 'தெரியவில்லை'யில் விழுகிறது. அவர்களை மட்டும் மையத்தில் ஒருவர் கூப்பிட்டுப் பேசுகிறார். 'வரவில்லை' என்று வந்தால் இயந்திரமே ஒரு தடவை திருப்பிக் கேட்கிறது. நோயாளி தானாக ஃபோன் செய்தால் மனிதர்தான் எடுக்கிறார். வண்டியை ரத்து செய்யும் அதிகாரம் இயந்திரத்துக்கு இல்லை. சம்மதம் கொடுத்தவர்களின் குரல்களை வெளியூர் நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். ஹபீபுல்லா சம்மதித்ததோடு நில்லாமல், மைக்கைக் கொடுத்தால் இன்னும் பேசுவேன் என்று உட்கார்ந்து, லாரி, மழை, மருமகன் என்று ஒரு மத்தியானம் முழுக்கப் பேசிக் கொடுத்தார். அவற்றைக் கேட்டுக் கேட்டு அந்த ஏஐ தேறி வருகிறது. முன்பைவிட நன்றாகப் புரிந்துகொள்கிறது என்பதை யாரிடமும் சொல்ல பேராச்சி தயங்குவதில்லை.

சென்னையிலிருந்து பழைய மேலாளர் ஒருவர் கூப்பிட்டு, நல்ல சம்பளத்தில் ஏஐ பிரிவில் இடம் இருக்கிறது என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். கணவரிடமும் பேசினாள். கடையை விட்டு அவரால் வர முடியாது, அவளுக்கும் போக மனமில்லை. இந்த வாரம் செங்கோட்டையிலிருந்து புதிதாகச் சேர்ந்த நோயாளிகளின் பதிவுகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பாதித் தமிழும் பாதி மலையாளமுமாக ஒருவர் சொன்ன பதிலை இரண்டு தடவை கேட்டும் அவளுக்கே விளங்கவில்லை. நிர்வாகியிடம் சொல்லிவிட்டு, பேசியவருக்கே ஃபோன் போட்டு, என்ன சொன்னார் என்று திருப்பிக் கேட்டுக்கொண்டாள்.